பிடுங்காத கம்பம்

குழாயடியில் ஒருவரையும் பேசவிடாமலும், கம்பத்தடியில் ஒருவரையும் ஒதுங்கவிடாமலும் வைத்திருந்த என் அக்கா துளசிமணிக்கு,

நோம்பி முடிந்துவிட்டது அக்கா. என் சட்டையில் மஞ்சள் தண்ணீர் இன்னும் காயவில்லை. கழற்றிக் கொடுத்தால் உடனே அலசிவிடலாம், இல்லாவிட்டால் கறை போகாது என்று என் பெண்சாதி சாந்தாமணி இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போனாள். போகாவிட்டால் இருக்கட்டும் என்று அப்படியே உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

உனக்குப் பொறுமை கிடையாது. சினிமாவுக்குப் போனால் இடைவேளையிலேயே பக்கத்து சீட்டுக்காரம்மாவிடம், "ஏனுங்க, கடைசில அவன் பொழைச்சுக்குவானா மாட்டானா, அத மொதல்ல சொல்லிப்போடுங்க" என்று கேட்பவள் நீ. இப்போதும் இரண்டே கேள்விதான் கேட்பாய். மரம் நிற்கிறதா? முதல் சொம்பு ஊற்றியது யார்? சொல்கிறேன். ஆனால் வரிசையாகத்தான் சொல்வேன். இருந்தவரைக்கும் ஒரு சங்கதியையாவது என்னை முழுசாகச் சொல்ல விட்டிருக்கிறாயா? இன்றைக்கு ஒரு நாள் குறுக்கே பேசாமல் கேள்.

இந்தக் கடிதத்தை உன் தோளுக்குப் பின்னால் நின்று நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். அவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பங்குனியில் வேம்பு பூக்கிற சமயத்தில் நம் பக்கத்து ஊர்களில் மாரியம்மனுக்கு நோம்பி சாட்டுவார்கள், அதாவது திருவிழா அறிவிப்பார்கள். மூன்று கிளை பிரிந்த மரமாகப் பார்த்து வெட்டி வந்து, பட்டை உரித்து, மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டிக் கோயிலுக்கு முன்னால் நடுவார்கள். அதுதான் கம்பம். ஆத்தாளுக்கு அதுதான் புருசன். நோம்பி முடிகிறவரை ஊரே தினமும் அதற்குத் தண்ணீர் ஊற்றும், மோளத்துக்கு அதைச் சுற்றி ஆடும். கடைசி நாளன்று கம்பத்தைப் பிடுங்கிக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டுவிடுவார்கள். அத்தோடு ஆத்தாளுக்குத் தாலி போயிற்று. மறுபடி அடுத்த பங்குனிக்குத்தான் கல்யாணம்.

உன்னைக் கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். நெல்லும் வாழையுமாகச் செழிப்பான ஊர். மச்சான் இறந்த பிறகு வந்த முதல் பங்குனியில், வழக்கம்போல் சொம்பைத் தூக்கிக்கொண்டு நீயும் கிளம்பியிருக்கிறாய். உன் கொழுந்தனார் பெண்சாதி வாசலிலேயே மறித்து, "நீங்க ஊட்டுக்குள்ளயே இருங்க அக்கா, வெய்யிலா இருக்குது" என்றாளாம். பொழுது சாய்ந்த நேரம் அது. "திட்டியிருந்தா திருப்பித் திட்டியிருப்பேன் ராசு. அவ மருவாதியாச் சொன்னா. அதுக்கு என்ற கிட்ட பதிலில்ல" என்று நீ பிற்பாடு என்னிடம் சொன்னாய். உன்னிடம் பதில் இல்லாமல் போனது உன் ஆயுசிலேயே அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

அந்த வருசமே ஒரு டிரங்குப் பெட்டியும் வெள்ளைச் சீலையுமாக எங்களோடு இருக்கக் கோயமுத்தூர் வந்துவிட்டாய். நம் ஹவுசிங் யூனிட்டில் என்ன இருந்தது? வரிசையாக மாடிக் கட்டடங்கள், ஒரு தண்ணீர்த் தொட்டி, தொட்டிக்குப் பக்கத்தில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிற ஒரு பொட்டல். அன்னூர், பல்லடம், தாராபுரம் என்று ஆளுக்கொரு ஊரிலிருந்து மில்லுக்கும் பட்டறைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கு வந்தவர்கள். பங்குனி வந்தால் அவரவர் ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். போவதற்கு ஊர் இல்லாதவர்களும், போனாலும் ஒதுங்கி நிற்க வேண்டியவர்களும் கேபிள் டி.வி. பார்த்துக்கொண்டு யூனிட்டிலேயே கிடப்பார்கள்.

அடுத்த பங்குனியில் ஒரு நாள் சிறுவாணித் தண்ணீருக்காகக் குடங்கள் வரிசையில் நிற்கும்போது நீதான் ஆரம்பித்தாய். "ஏனுங்க, நம்முளே ஒரு கம்பம் நட்டா என்ன?" கோயில் இல்லையே என்றது ஒரு குரல். பூசாரி வேண்டாமா என்றது இன்னொரு குரல். "ஆத்தா வேப்பம்பூவுல இருக்கா, வெய்யில்ல இருக்கா. கம்பத்த நட்டா தன்னால வந்து நிக்கப் போறா. அவளுக்கு எதுக்குங்க கட்டடம்? வாடகையா குடுக்கப் போறா?" என்றாய். குழாயடியே சிரித்தது. சிரித்த பிறகு ஒருவரும் மாட்டேன் என்று சொல்லவில்லை.

மரம் கொண்டுவருகிற வேலை என் தலையில் விழுந்தது. அன்னூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருந்த என் பட்டறைக் கூட்டாளியிடம் போய்க் கேட்டேன். பூத்து நிற்கிற வேம்பில் கை வைக்க விடமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றான். கடைசியில் வேலி ஓரத்துப் பூவரசில் மூன்று கிளை பிரிந்த ஒரு கம்பை வெட்டிக் கொடுத்தான். அதை மொபெட்டில் குறுக்கே கட்டிக்கொண்டு சத்தி ரோட்டில் நான் வந்த லட்சணத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பஸ்ஸில் வந்தவர்கள் ஜன்னலில் தலையை நீட்டிக் கும்பிட்டார்கள். சிலர் திட்டினார்கள்.

வேம்புக்குப் பதிலாகப் பூவரசு கொண்டுவந்துவிட்டேனே என்று நான் தயங்கியபோது நீ ஏற இறங்கப் பார்த்தாய், என்னை அல்ல, கம்பை. "மரம் மரந்தான் சாமி. ஆத்தா என்ன சாதி பாத்தா கட்டிக்கப் போறா?" அந்த விசயம் அங்கேயே முடிந்தது.

பட்டை உரிக்க வேண்டுமே என்றால், யூனிட் முழுக்கத் தேடியும் ஒரு அருவாள் இல்லை. காய் நறுக்கும் அருவாமனைதான் வீட்டுக்கு வீடு இருந்தது. கோயமுத்தூருக்கு வந்ததில் எல்லோர் வீட்டுக்கும் மிக்ஸி வந்துவிட்டது, அருவாள் போய்விட்டது. சரி என்று பட்டையோடேயே கம்பத்துக்கு மஞ்சளைப் பூசி, தொட்டி கசிந்து எப்போதும் ஈரமாயிருக்கும் அந்த மூலையில் குழி தோண்டி நட்டோம்.

மோளத்துக்கு மாரப்பண்ணனைக் கேட்கலாம் என்றார்கள். கரண்டு ஆபீசில் லைன்மேன் வேலை, கடைசிக் கட்டடத்தில் வீடு. நீயும் நானும்தான் போனோம். அவர் நம்மை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, பிறகு சொன்னார்: "எங்கய்யன் காலமெல்லாம் பண்ணையத்துல பாடுபட்டு, ஊருக் கம்பத்துக்கு மோளமும் அடிச்சாருங்க. ஒரு சொம்புத் தண்ணி ஊத்த உட்டதில்லீங்க. இங்கயும் வந்து நான் அடிக்கோணுமுங்களா?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ காப்பி டம்ளரைக் கீழே வைத்தாய். "அடிக்க வேண்டாமுங்க. நீங்க வந்து தண்ணி ஊத்துங்க. மோளத்துக்கு எங்க ஊட்டுச் சோத்துக் குண்டா இருக்குது" என்றாய்.

அன்று சாயங்காலம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. நிஜமாகவே குண்டாவைத்தான் தட்டிக்கொண்டிருந்தோம். எல்லாவற்றையும் முன்னால் நின்று செய்த நீ, சொம்பை எடுத்ததும் நகராமல் நின்றுவிட்டாய். எதிரில் மாரப்பண்ணனும் அப்படியே சொம்போடு நின்றார். "நீங்க ஊத்துங்க" என்றாய். "இல்லீங்க, நீங்க மொதல்ல" என்றார். "அட, நீங்க ஊத்துங்கங்க." "பெரியவிய நீங்க இருக்கறப்ப நானுங்களா?" கல்யாணப் பந்தியில் ஒருவரையொருவர் உபசரிப்பதுபோல் நீங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தீர்கள். மேல்வீட்டு ஆரோக்கியமேரி, ஆஸ்பத்திரியில் நர்சு, நைட் டியூட்டிக்குப் போகிற அவசரத்தில் இருந்தவள், பொறுக்க முடியாமல் கத்தினாள்: "ரெண்டு பேரும் ஒண்ணா ஊத்துங்க! எனக்குப் பஸ்ஸு போயிரும்!"

இரண்டு பேரும் ஒன்றாக ஊற்றினீர்கள். அடுத்து மேரியும் ஒரு சொம்பு ஊற்றிவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

அன்றிலிருந்து சட்டமெல்லாம் உன் சட்டம். ஊரில் கம்பம் நட்டால் எல்லை தாண்டி வெளியே இரவு தங்கக் கூடாது. இங்கே பாதிப் பேருக்கு நைட் ஷிப்ட். "போறவங்க கம்பத்துக்கிட்டச் சொல்லிப்போட்டுப் போங்க, ஆத்தா புரிஞ்சுக்குவா" என்று தீர்ப்புச் சொன்னாய். இன்றைக்கும் மில்லுக்குப் போகிறவர்கள் டிபன் தூக்கோடு ஒரு நிமிசம் அங்கே நின்று, "போயிட்டு வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். இன்னொரு சட்டம், அவரவர் ஊரில் யாரைத் தண்ணீர் ஊற்ற விடமாட்டார்களோ அவர்கள்தான் இங்கே முதல் சொம்பு ஊற்ற வேண்டும் என்பது. ஆராய்ச்சி செய்கிறேன் என்று டேப் ரிக்கார்டரோடு ஒரு காலேஜ் பெண் வந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? "இது எத்தனை தலைமுறையா நடக்குதுங்க?" என்று பயபக்தியோடு கேட்டாள். "எங்க சம்பிரதாயமுங்க அம்மணி. போன வருசந்தான் ஆரம்பிச்சோம்" என்று நீ சொன்னதும் அவள் எதை எழுதுவது என்று தெரியாமல் முழித்தாள்.

முதல் வருசத்துக்குத் திரும்புகிறேன். கடைசி நாள் கம்பத்தைப் பிடுங்கக் கூட்டம் கூடியது. யூனிட் சங்கத் தலைவர் நடராசண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தயாராக நின்றார். காய்ந்த வேப்பிலையை அவிழ்த்ததும் நீ 'ஐயோ' என்று ஒரு சத்தம் போட்டாய். மூன்று கிளையும் பிரிகிற இடத்தில் பச்சைப் பசேல் என்று துளிர். அதில் ஒன்று, சின்னப் பூவரச இலையாகவே விரிந்திருந்தது. பட்டை உரிக்காத பூவரசு, கசிகிற தொட்டி, யூனிட் முழுக்க ஊற்றிய தண்ணீர். தோட்டங்காட்டில் பிறந்த எங்களில் ஒருவருக்காவது இது தோன்றியிருக்க வேண்டாமா? எங்கள் எல்லார் வீட்டு வேலியிலும் பூவரசு அப்படித்தானே துளிர்க்கும்? கம்பம் என்று சொன்ன பிறகு அது மரம் என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

"துளுத்தாலும் பிடுங்கித்தான் ஆகோணுமுங்க, அதுதானுங்க மொறை" என்றார் நடராசண்ணன். நல்ல மனுசன், கோபமாகச் சொல்லவில்லை. நீ போய்க் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றாய். மஞ்சள் உன் வெள்ளைச் சீலையெல்லாம் ஒட்டியது.

"வருசா வருசம் அவளுக்குத் தாலியறுத்துப்போட்டுத்தான நம்ம ஊட்டுக்குப் போறோம்? ஒரு வருசமாச்சும் அவ புருசனோட இருக்கட்டுமுங்க. அவன் பொழைச்சுக்கிட்டான், பாருங்க. பொழைச்சவனப் பிடுங்கோணுமுங்களா?"

எனக்கு மச்சான் முகம் நினைவுக்கு வந்தது. அந்த நேரத்தில்தான் பின்னால் மோளச் சத்தம் கேட்டது. திரும்பினால் மாரப்பண்ணன். ஒருவரும் கூப்பிடாமல், தன் அய்யனுடைய மோளத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அடித்துக்கொண்டிருந்தார். நீ ஆடினாய். பெண்கள் எல்லோரும் ஆடினார்கள். சாந்தாமணி ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து உன் தலையில் கொட்டினாள். அந்தச் சீலையில் ஏறிய மஞ்சள் கடைசிவரை போகவில்லை, நீயும் போக்கப் பார்க்கவில்லை.

கம்பம் மரமாயிற்று. பங்குனிக்குப் பங்குனி அந்த மரத்துக்கே மஞ்சள் பூசி, தண்ணீர் ஊற்றி, அதைச் சுற்றி ஆடினோம். அக்கம்பக்கத்தில் கேலி பேசியவர்கள் பிறகு வேடிக்கை பார்க்க வந்தார்கள், அதற்குப் பிறகு சொம்போடு வந்தார்கள். காலையில் மஞ்சளாகப் பூத்துச் சாயங்காலம் சிவந்துவிடும் அந்தப் பூவைப் பொறுக்கி, "மஞ்சளும் குங்குமமும் அவளே உதுத்துப்போடறா, எவ வேணும்னாலும் எடுத்துக்கலாம்" என்று காதில் சொருகிக்கொள்வாய்.

பிறகு போன ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. உன்னைத் தூக்குகிற நேரத்தில் மாரப்பண்ணன் வந்தார். சாவுக்கு மோளம் அடிக்க மாட்டேன் என்று அவர் எப்போதோ முடிவெடுத்தது எல்லோருக்கும் தெரியும். கையில் மோளம் இல்லை. நேராக வந்து எனக்கு எதிர்ப்பக்கம் தோள் கொடுத்தார். என் உறவுக்காரர்கள் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் தலை நிமிர்ந்து நடந்தேன் அக்கா. அழுதுகொண்டேதான், ஆனால் நிமிர்ந்துதான் நடந்தேன். என் அக்காளைத் தூக்க யார் வந்தார் பார் என்று இருந்தது.

இனிதான் இந்த வருசத்துச் செய்தி. மாசியில் யூனிட்டில் குழந்தைகளுக்கு அம்மை போட்டது. நடராசண்ணன் பேரனுக்கும் போட்டுவிட்டது. பிள்ளை பிழைக்குமா என்று அந்த மனுசன் சோறு தண்ணியில்லாமல் கிடந்தார். நல்லபடியாகத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டிய பிறகு, மரத்தடியில் சங்கக் கூட்டம் போட்டார்.

"ஏனுங்க ராசு, தப்பா நெனைக்காதீங்க. அக்கா மேல எனக்கு அத்தன மருவாதிங்க. ஆனா பிடுங்க வேண்டியதப் பிடுங்காம வெச்சா ஆத்தா எப்புடிங்க குளுருவா? கொழந்தைங்களத்தான் பாத்தமே." மரத்தை எடுத்துவிடலாம், அந்த இடத்தில் சின்னதாக ஒரு காங்கிரீட் கோயில் கட்டலாம், வேப்பங்கம்பம் நட்டு, சுமங்கலிகளை விட்டு முதல் சொம்பு ஊற்றி, முறைப்படி பிடுங்கலாம் என்றார். மரம் வெட்டுகிறவரிடம் பேசியாயிற்று என்றும் சொன்னார். பலர் தலையாட்டினார்கள். பயந்தவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? குழந்தை விசயம்.

மேரி மட்டும், "வெய்யக் காலத்துல வருசா வருசம் வாறதுதானுங்க அண்ணா. ஆஸ்பத்திரிக்கு வந்து பாருங்க, கம்பத்தப் பிடுங்குன ஊருக் கொழந்தைங்கதான் நெறையப் படுத்திருக்குதுங்க" என்றாள். அது எடுபடவில்லை.

நான் எழுந்தேன். உனக்குத் தெரியும், லேத்தில் வேலை என்றால் நூலிழை பிசகாமல் செய்துவிடுவேன், நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்த மரத்தை வெட்டினால் உன்னை இன்னொரு தரம் தூக்கிக்கொண்டு போவதுபோல் இருக்கும் என்று சொல்ல நினைத்தேன். 'அக்கா இருந்திருந்தா' என்பதோடு நின்றுவிட்டேன்.

அப்போது சாந்தாமணி எழுந்தாள். ஆமாம், நாத்தனாரான உன்னை நங்கை நங்கை என்று சுற்றிவந்துகொண்டு, உனக்கு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியறியாத என் பெண்சாதிதான்.

"நடராசண்ணா, கோவிச்சுக்காதீங்க. நம்ம பத்மாக்கா போயி எத்தன வருசமிருக்குமுங்க?"

தன் மனைவியின் பேரைக் கேட்டதும் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "அது ஆச்சுங்களே அம்மணி, இங்க கம்பம் நடறதுக்கு முன்னாடியே."

"அப்பறம் வந்த ஒவ்வொரு நோம்பிக்கும் நீங்க தண்ணி ஊத்தியிருக்கீங்க. உங்க ஊருக் கம்பத்துக்கும் போயி ஊத்தீட்டு வாரீங்க. சம்சாரம் போனவரு, ஒதுங்கி நில்லுங்கன்னு உங்கள ஒருத்தராச்சும் சொன்னாங்களா? ஆத்தாதான் கோவிச்சுக்கிட்டாளா?" அவள் நிறுத்தவில்லை. "நீங்க ஊத்துனா குளுரறவ, எங்க நங்கை ஊத்துனா மட்டும் சுட்டுப்போடுவாளுங்களா?"

நடராசண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கூடவே பயமும். பெரிய மனுசனைச் சபையில் அப்படிக் கேட்டுவிட்டாளே, வீம்புக்காகவே மரத்தை வெட்டிவிடுவாரோ என்று. அடுத்த நாள் காலையில் அவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு அன்னூர் பஸ் ஏறிப் போனதாகச் சொன்னார்கள். சொந்த ஊருக்குப் போய்ப் பூசாரியைக் கூட்டி வரத்தான் போயிருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். அதன் பிறகு ஆளைக் காணவில்லை. பட்டறையில் எனக்கு வேலையே ஓடவில்லை.

நோம்பி தொடங்குகிற சாயங்காலம். மரத்துக்கு மஞ்சள் பூசியாயிற்று, வேப்பிலை கட்டியாயிற்று. மாரப்பண்ணன் மோளத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். முதல் சொம்பை யார் எடுப்பது என்று ஆளாளுக்கு முகத்தைப் பார்த்தோம். நீ இருந்தவரை அந்தக் கேள்வியே எழுந்ததில்லை அல்லவா? அப்போதுதான் ரோட்டுப் பக்கமிருந்து நடராசண்ணன் வந்தார். பின்னால் ஒரு வெள்ளைச் சீலை. கையில் ஒயர்க்கூடையோடு ஒரு பொம்பளை, தொட்டிக்கு அந்தப்பக்கமே நின்றுவிட்டாள்.

"என்ற தங்கச்சிங்க, ருக்குமணி" என்றார் எங்களிடம். "கண்ணாலமாயிக் கொஞ்ச நாள்லயே மாப்பளை போயிட்டாருங்க. ஊருல கம்பம் நட்டா இவ கதவச் சாத்திக்கிட்டு உள்ள இருப்பா. மொத சொம்பு நாந்தானுங்க ஊத்துவேன். இத்தன வருசமா..." துண்டு வாய்க்குப் போய்விட்டது. பிறகு, "நம்ம யூனிட்டுச் சம்பிரதாயம் ஒண்ணு இருக்குதல்லங்க? அதும்படி மொத சொம்பு இவ ஊத்தோணும்" என்றார்.

சம்பிரதாயம் என்று அவர் வாயால் சொன்னார் அக்கா. கேட்டாயா?

அந்த ருக்குமணியம்மா வரவே மாட்டேன் என்றாள். "வேண்டாமுங்க அண்ணா, நல்ல காரியத்துல நான் எதுக்குங்க" என்று ஒயர்க்கூடையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். சாந்தாமணி போய்க் கூடையை வாங்கிக்கொண்டு சொம்பைக் கையில் வைத்தாள். கை நடுங்கித் தண்ணீர் பாதி சிந்திவிட்டது. மாரப்பண்ணன் மோளத்தை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். "சும்மா வாங்க அம்மணி. எனக்கும் மொத நாள் இப்புடித்தான் நடுங்குச்சுங்க" என்றார்.

அவள் ஊற்றினாள். மிச்சமிருந்த அரைச் சொம்புதான். ஊற்றிவிட்டு, உன்னைப்போலவே, மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். பக்கத்தில் நின்ற நடராசண்ணன் சின்னப் பிள்ளைபோல் அழுதார். நானும்தான். அக்காள் தங்கச்சியோடு பிறந்த ஆம்பளைகளுக்கு அந்த இடத்தில் வேறென்ன தெரியும்?

ஆக, உன் முதல் கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. மரம் நிற்கிறது. இந்தத் தடவை பூத்த பூவுக்கு அடியில் தரையே தெரியவில்லை. பேரன் பூவரச இலையில் பீப்பி சுருட்டி நடராசண்ணன் காதிலேயே ஊதிக்கொண்டிருக்கிறான். நோம்பி முடிகிறவரை ருக்குமணியம்மா இங்கேதான் இருந்தாள். இன்று மஞ்சள் தண்ணீர் விளையாட்டில் அவளைத்தான் முதலில் நனைத்தார்கள். என் சட்டையில் இருப்பது அவள் பதிலுக்கு ஊற்றியது.

சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவள் என்னிடம் தனியாக வந்தாள். "ஏனுங்க அண்ணா, இந்த மரத்துல மூணு கெளை பிரிஞ்ச கம்பு ஒண்ணு கெடைக்குமுங்களா? எங்கூட்டு வாசல்ல நட்டுக்கறனுங்க. எம் வாசல்ல இருக்கறத யாரும் பிடுங்க மாட்டாங்கல்லங்க?"

இப்போது யூனிட்டில் ஒரு அருவாள் இருக்கிறது அக்கா, நான் பட்டறையில் அடித்தது. மரத்தில் ஏறி, நல்ல கிளையாகப் பார்த்து வெட்டி இறக்கினேன். சாந்தாமணி ஈரச் சாக்கு சுற்றினாள். நடராசண்ணன் அதைக் குழந்தை மாதிரி தோளில் வாங்கிக்கொண்டு தங்கச்சியோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். அவர்கள் ரோட்டைத் தாண்டிய பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பின்னாலேயே ஓடினேன். பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னலைத் தட்டிக் கத்தினேன்:

"அம்மணி, பட்டைய மட்டும் உரிச்சுப்போடாதீங்க!"

அவள் தலையாட்டினாள். சிரித்தது மாதிரியும் இருந்தது.

இந்த யூனிட்டில் நானோ சாந்தாமணியோ இருக்கிறவரைக்கும் ஆத்தாள் புருசனோடுதான் இருப்பாள் அக்கா. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கும்படி இங்கே ஒருத்தியிடமும் சொல்ல விடமாட்டேன், மரியாதையாகக்கூட. அது என் பொறுப்பு. நீ நிம்மதியாக இரு.

இப்படிக்கு,
சத்தி ரோட்டில் உன் கம்பத்தைச் சுமந்து வந்த,
உன் கூடப்பிறந்த தம்பி
ராசு